இணையத் தொலைபேசி சர்வரின் லாக் வரிகளை வாசித்தல்: மணி அடிக்காத ஒரு கிளை அலுவலகத்தின் நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு உட்பட்ட சர்வர், ஆஸ்டரிஸ்க் என்ற தொலைபேசி மென்பொருளில், சிப் (இணைய அழைப்புகளைத் தொடங்கி முடிக்கும் நெறிமுறை) செய்திகளைக் கையாளும் பிஜேசிப் சேனல் டிரைவருடன் இயங்குகிறது. ஃபயர்வாலுக்குப் பின்னால் 10.0.0.5 என்ற உள்முகவரியில் அது இருக்கிறது. வெளியுலகுக்கு அதன் முகவரி 203.0.113.10. கிளை அலுவலகத்தின் ஏறத்தாழ முப்பது மேசைத் தொலைபேசிகள் ஒரே ரவுட்டருக்குப் பின்னால் இருந்தபடி, 198.51.100.24 என்ற ஒரே பொது முகவரி வழியாக சர்வரில் பதிவு செய்துகொள்கின்றன. வீட்டிலிருந்து வேலை செய்யும் சிலர் சாஃப்ட்போன் செயலிகளைப் பயன்படுத்துகிறார்கள். இங்கே தரப்படும் பொது முகவரிகள், விளக்கத்துக்கென்றே ஆர்எஃப்சி 5737 என்ற இணைய நெறி ஆவணம் ஒதுக்கி வைத்துள்ளவை. எக்ஸ்டென்ஷன் எண்களும் மாற்றப்பட்டுள்ளன.

வந்த புகார்கள் மூன்று. கிளைக்கு வரும் அழைப்புகள் சில வேளைகளில் மணியே அடிக்காமல் குரல் அஞ்சலுக்குப் போய்விடுகின்றன. ஆனால் அதே தொலைபேசியிலிருந்து வெளியே அழைத்தால் உடனே தொடர்பு கிடைக்கிறது. அரிதாக, கிளை முழுவதும் ஒரேயடியாகச் செயலிழந்து, சுமார் பத்து நிமிடத்தில் யாரும் எதுவும் செய்யாமலேயே மீள்கிறது. வீட்டிலிருந்து அழைப்பவர்களின் பேச்சு அரை நிமிடத்தில் அறுந்துபோகிறது. இவற்றோடு நான்காவதாக ஒரு முடிவும் சேர்ந்தே வந்தது: சர்வர் தாக்குதலுக்கு உள்ளாகியிருக்கிறது, அந்தச் சுமையில் திணறுகிறது என்பது. லாக் (நிகழ்வுப் பதிவு) கோப்பைத் திறந்து பார்த்தவர் எவரும் அந்த முடிவுக்குத்தான் வந்திருப்பார். திரும்பிய பக்கமெல்லாம் "ரிஜிஸ்டர் கோரிக்கை தோல்வி, பொருந்தும் எண்ட்பாயிண்ட் இல்லை" என்ற வரிகள் நிறைந்திருந்தன (ரிஜிஸ்டர் என்பது பதிவு கேட்கும் செய்தி, எண்ட்பாயிண்ட் என்பது சர்வரில் அமைக்கப்பட்ட தொலைபேசிக் கணக்கு). ஆனால் மூன்று புகார்களில் எதற்கும் அந்த வரிகள் காரணமல்ல. அவற்றை விலக்கிவிட்டு உரிய வரிகளை எப்படிக் கண்டடைவது என்பதே இந்த ஆய்வின் பெரும்பகுதி.

கோப்பில் இருந்தவையும் இல்லாதவையும்

ஆஸ்டரிஸ்க் எழுதும் ஒவ்வொரு லாக் வரிக்கும் ஒரே அமைப்புதான். முதலில் தேதியும் நேரமும், அடுத்து நோட்டீஸ், வார்னிங், எரர், வெர்போஸ் போன்ற நிலைகளில் ஒன்று, அதை ஒட்டி அடைப்புக்குள் த்ரெட் எண், அந்த வரி ஓர் அழைப்பைச் சேர்ந்ததாக இருந்தால், சி என்ற எழுத்தில் தொடங்கும் அழைப்பு எண், பிறகு அந்த வரியை எழுதிய மூலநிரல் கோப்பின் பெயர், கடைசியில் செய்தி. அழைப்பு எண் ஆஸ்டரிஸ்க் 11ஆம் பதிப்பில் சேர்க்கப்பட்டது. ஒரே நொடியில் பல அழைப்புகளின் வரிகள் பின்னிக் கிடக்கும்போது, ஓர் அழைப்பின் கதையை மட்டும் உருவி எடுக்க இதைவிட நல்ல பிடி வேறில்லை. பதிவு, குவாலிஃபை (தொலைபேசி எட்டுகிறதா என்று சர்வர் அவ்வப்போது சோதிப்பது) ஆகியவை அழைப்புகள் அல்லாததால் அவற்றின் வரிகளில் இந்த எண் இராது. அவற்றை எக்ஸ்டென்ஷன் எண்ணையும், ஐபி முகவரியோடு ஒட்டி வரும் போர்ட் எண்ணையும் கொண்டுதான் தொடர வேண்டும்.

இந்த சர்வரில் கோப்புக்குச் சென்றவை நோட்டீஸ், வார்னிங், எரர் ஆகிய மூன்று நிலைகள் மட்டுமே. ஆஸ்டரிஸ்க்குடன் வரும் மாதிரி அமைப்பும் 'மெசேஜஸ்' கோப்புக்கு இந்த மூன்றையே குறிப்பிடுகிறது. இதில் ஒரு பெரும் குறை இருக்கிறது. ஒரு தொலைபேசி பதிவு செய்துகொண்டது, அதன் தொடர்பு முகவரி மாறியது, அது எட்டாமல் போனது, மீண்டும் எட்டியது ஆகிய நான்கு செய்திகளையும் பிஜேசிப் வெர்போஸ் நிலையில்தான் எழுதுகிறது. யாரோ ஒரு வெளியாள் இல்லாத எக்ஸ்டென்ஷனுக்குப் பதிவு கேட்டுத் தோற்றதோ நோட்டீஸ் நிலையில் பதிவாகிறது. ஆகவே கோப்பில் எஞ்சியிருந்தது இரைச்சல் மட்டுமே. சான்று எழுதப்படவே இல்லை. நிலை என்பது நிரலை எழுதியவர் பொதுவாக வைத்த தரம். நம் கையில் உள்ள சிக்கலுக்கு எது முக்கியம் என்பதை அது அறியாது. எனவே முதல் வேலையாக, வெர்போஸ் மூன்றாம் நிலை வரையிலான செய்திகளும், பாதுகாப்பு நிகழ்வுகளுக்கான செக்யூரிட்டி நிலையும் தனித்தனிக் கோப்புகளுக்குப் போகும்படி லாகர் அமைப்பு மாற்றப்பட்டது. சர்வரின் கடிகாரமும் கிளை ரவுட்டரின் கடிகாரமும் என்டிபி வழியாக ஒன்றாக்கப்பட்டன. இதைச் செய்யாமல் இரு கருவிகளின் லாகை அருகருகே வைத்து வாசிப்பதில் பொருளில்லை.

இரைச்சலை விலக்குதல்

சிப் நெறிமுறையின் வழக்கமான போர்ட் 5060. அதை இணையத்துக்குத் திறந்து வைத்த எந்த சர்வரையும் தானியங்கி ஸ்கேனர்கள் வந்து தட்டிப் பார்க்கும். அவற்றை அடையாளம் காண்பது கடினமன்று. 100, 101, 102 என்று எண்கள் வரிசையாக ஏறும். ஒரே மூலமுகவரியிலிருந்து நொடிக்குப் பல கோரிக்கைகள் வரும். ஃப்ரம் தலைப்பில் நம் சர்வரின் முகவரியே எழுதப்பட்டிருக்கும். சில வேளைகளில் யூசர்-ஏஜென்ட் தலைப்பில் 'ஃப்ரெண்ட்லி-ஸ்கேனர்' என்ற பெயரே வெளிப்படையாக இருக்கும். இன்வைட் (அழைப்பைத் தொடங்கும் செய்தி) அனுப்புபவை, நீண்ட வெளிநாட்டு எண் ஒன்றின் முன்னால் 00, 011, 900 என முன்னொட்டுகளை மாற்றி மாற்றிப் போட்டு முயலும். கட்டணம் ஏற்றும் மோசடிக்கான வழி தேடல் அது. கடினமான கடவுச்சொல்லும், பெயரில்லா அழைப்புகளை ஏற்காத அமைப்பும் உள்ள சர்வரில் இவை தோற்றுத் திரும்பும். தோற்றதைத்தான் அந்த வரிகள் சொல்லிக்கொண்டிருந்தன. கிளை அலுவலகத்தின் முகவரியிலிருந்து வந்த வரி ஒன்றுகூட அவற்றில் இல்லை என்பதைப் பிரித்துப் பார்த்து உறுதிசெய்தவுடன், தாக்குதல் என்ற முடிவு முதல் புகாரைப் பொறுத்தவரை விழுந்துவிட்டது.

அனைவரும் பிசி என்று சொல்லும் வரி

அடுத்து, மணி அடிக்காத அழைப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அதன் அழைப்பு எண்ணைக் கொண்டு தேடியபோது கிடைத்த கடைசி வரி இது: "எவ்ரிஒன் இஸ் பிசி/கஞ்செஸ்டட் அட் திஸ் டைம் (1:0/0/1)". இந்த வரியைப் படித்ததால்தான் சுமை என்ற ஐயம் நிர்வாகிக்கு மேலும் வலுத்திருக்கிறது. எல்லாரும் வேலையாக இருக்கிறார்கள் அல்லது வலையில் நெரிசல் என்றுதான் சொற்கள் சொல்கின்றன. ஆனால் உண்மை அடைப்புக்குள் இருக்கும் நான்கு எண்களில் இருக்கிறது. முதல் எண், எத்தனை இலக்குகளுக்கு மணி அடிக்க முயன்றது என்பது. இரண்டாவது, அவற்றில் எத்தனை பிசி என்று பதில் தந்தன. மூன்றாவது, எத்தனையில் நெரிசல். நான்காவது, எத்தனைக்குச் சேனலே உருவாக்க முடியவில்லை. ஆக (1:0/0/1) என்றால், ஒரே இலக்கு, அது பிசியும் இல்லை, நெரிசலும் இல்லை, அதை நோக்கி அழைப்பே புறப்படவில்லை என்று பொருள். ஒரு தொலைபேசியில் உண்மையிலேயே யாரோ பேசிக்கொண்டிருந்து பிசி என்று பதில் வந்திருந்தால் அதே சொற்களுடன் (1:1/0/0) என்று வந்திருக்கும். சொற்றொடர் ஒன்றே, நிகழ்வுகள் முற்றிலும் வேறு.

அதற்கு இரண்டு மூன்று வரிகள் மேலே இன்னும் தெளிவான சான்று இருந்தது. எண்ட்பாயிண்ட் 217க்கு டயலாக் (சிப் உரையாடல்) உருவாக்க இயலவில்லை, அந்த எண்ட்பாயிண்ட் பதிவாகியிருக்கிறதா, எட்டக்கூடியதா என்று சர்வரே கேள்வியாக எழுதியிருந்தது. அதைத் தொடர்ந்து, பிஜேசிப் வகைச் சேனலை உருவாக்க முடியவில்லை, காரணம் 3, இலக்குக்கு வழியில்லை என்ற வரி. கடைசி வரியை மட்டும் படித்து முடிவெடுக்கும் பழக்கம் இந்தத் துறையில் பரவலாக இருக்கிறது. ஒரு தோல்வியின் முதல் வரியே காரணத்துக்கு அருகில் இருப்பது. அதன் பிறகு வருபவை பெரும்பாலும் அதன் விளைவுகள். எனவே அழைப்பு எண்ணைப் பிடித்துக்கொண்டு கீழிருந்து மேலே ஏறிச் செல்வதே சரியான வாசிப்பு முறை என்று நான் கருதுகிறேன்.

போர்ட் எண் சொன்ன கதை

217 எட்டக்கூடியதா என்ற கேள்விக்கு விடை, புதிதாகத் திறந்த வெர்போஸ் கோப்பில் கிடைத்தது. அந்த எக்ஸ்டென்ஷனைச் சேர்ந்த வரிகளை மட்டும் வடிகட்டினால் மீண்டும் மீண்டும் ஒரே வரிசை தெரிந்தது. 198.51.100.24 முகவரியில் 41022 போர்ட் கொண்ட காண்டாக்ட் (தொலைபேசியை எட்டுவதற்கான முகவரி), 3600 நொடி ஆயுளுடன் சேர்க்கப்பட்டது. அது எட்டுகிறது, போய்வரும் நேரம் 38 மில்லிநொடி. சில நிமிடங்கள் கழித்து, அதே காண்டாக்ட் இப்போது அன்ரீச்சபிள் (எட்டவில்லை), போய்வரும் நேரம் 0.000. நீண்ட இடைவெளிக்குப் பிறகு, 58310 போர்ட் கொண்ட புதிய காண்டாக்ட் சேர்க்கப்பட்டது. அதை ஒட்டியே, 41022 போர்ட் கொண்ட பழைய காண்டாக்ட் 'ரிமூவ் எக்ஸிஸ்டிங்' (ஏற்கெனவே இருப்பதை நீக்குதல்) காரணமாக நீக்கப்பட்டது. உடனே மீண்டும் எட்டுகிறது.

இங்கே கவனிக்க வேண்டியது அன்ரீச்சபிள் என்ற சொல் மட்டுமன்று. முகவரி மாறாமல் போர்ட் மட்டும் மாறியிருப்பதே முதன்மையானது. தொலைபேசி தன் உள்வலையில் 5060 போர்ட்டிலிருந்துதான் எப்போதும் அனுப்புகிறது. சர்வர் காணும் போர்ட், கிளை ரவுட்டர் நேட் (உள்முகவரியைப் பொது முகவரியாக மாற்றுதல்) செய்யும்போது ஒதுக்கித் தந்தது. ரவுட்டர் ஒவ்வொரு யுடிபி (இணைப்பு நிறுவாமல் பாக்கெட் அனுப்பும் முறை) உரையாடலுக்கும் ஒரு வழியை அட்டவணையில் குறித்து வைக்கிறது. குறிப்பிட்ட நேரம் அந்த வழியில் போக்குவரத்து இல்லையென்றால் அதை அழித்துவிடுகிறது. அழித்த பிறகு வெளியிலிருந்து அந்தப் போர்ட்டுக்கு வரும் பாக்கெட்டை எந்தத் தொலைபேசிக்குத் தருவது என்று ரவுட்டருக்குத் தெரியாது, கீழே போட்டுவிடும். தொலைபேசி மறுபடியும் தானாக எதையாவது அனுப்பினால் புது வழி பிறக்கும், பெரும்பாலும் புது போர்ட்டுடன். ஆகவே போர்ட் மாறியது என்பது, இடையில் பழைய வழி இறந்துவிட்டது என்பதற்கான அடையாளம். தொலைபேசியே அணைந்து மீண்டும் இயங்கியிருந்தாலும் சில சமயம் போர்ட் மாறும். ஆனால் தொலைபேசிகள் தொடர்ந்து மின்சாரத்தில் இருந்தன என்பதை அவற்றின் இயங்குநேரக் கணக்கு காட்டியது.

இதை வைத்து முதல் புகாரின் ஒவ்வொரு கூறையும் விளக்க முடிந்தது. வெளியே போகும் அழைப்பு எப்போதும் கிடைத்ததற்குக் காரணம், தொலைபேசி அனுப்பும் இன்வைட் தனக்கான வழியைத் தானே திறந்துகொள்கிறது என்பது. ஆனால் அந்த இன்வைட் சர்வரிடம் உள்ள காண்டாக்ட்டை மாற்றுவதில்லை. அதை மாற்றக்கூடியது ரிஜிஸ்டர் மட்டுமே. ஆகவே ஒருவர் வெளியே பேசி முடித்த அடுத்த நிமிடமே அவருக்கு வரும் அழைப்பு, இறந்துபோன பழைய போர்ட்டைக் கருதிக் கைவிடப்பட்டது. தொலைபேசியை அணைத்துப் போட்டால் சரியாகிவிடுகிறது என்று கிளையில் கண்டுபிடித்து வைத்திருந்த கைவைத்தியமும் சரியானதே: எழுந்தவுடன் தொலைபேசி ரிஜிஸ்டர் அனுப்புகிறது. எதுவும் செய்யாதவர்களுக்கு, ஒரு மணி நேர ஆயுள் முடியும் தறுவாயில் தொலைபேசி தானே பதிவைப் புதுப்பிக்கும்வரை மணி அடிக்கவில்லை.

எப்போதும் இல்லாமல் சில வேளைகளில் மட்டும் ஏன் என்ற கேள்வி எஞ்சியது. சர்வர் ஒவ்வொரு காண்டாக்ட்டுக்கும் 60 நொடிக்கு ஒருமுறை ஆப்ஷன்ஸ் என்ற சோதனைச் செய்தி அனுப்பிப் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தது. அதற்குத் தொலைபேசி தரும் 200 (சரி) பதில் வெளியே செல்லும்போது ரவுட்டரின் காலக்கணக்கு மறுபடி தொடக்கத்துக்குப் போகும். ரவுட்டர் அண்மையில் மாற்றப்பட்டிருந்தது. புதியதின் யுடிபி காலவரம்பை அளந்து பார்க்க, சோதனை எக்ஸ்டென்ஷன் ஒன்றில் தானியங்கி ஆப்ஷன்ஸை நிறுத்திவிட்டு, தொலைபேசி கடைசியாகப் பேசியதிலிருந்து வெவ்வேறு இடைவெளி விட்டுக் கையால் குவாலிஃபை கட்டளை கொடுக்கப்பட்டது. 40 நொடியிலும் 55 நொடியிலும் பதில் வந்தது. 65 நொடியில் வரவில்லை. வரம்பு 60 நொடி என்று ரவுட்டரின் அமைப்புப் பக்கமும் உறுதிசெய்தது. 60 நொடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படும் வழி, 60 நொடியில் அழிக்கப்படும் அட்டவணையில் இருந்தது. ஆப்ஷன்ஸ் சில மில்லிநொடி முந்தினால் வழி பிழைக்கும், பிந்தினால் இறக்கும். வெளியே அடிக்கடி அழைப்போரின் தொலைபேசிகளில் இடையிடையே போக்குவரத்து இருந்ததால் அவை இந்தப் பந்தயத்தில் அரிதாகவே தோற்றன. அதிகம் அழைக்காதவை தோற்றன. அன்ரீச்சபிள் வரிகள் பரபரப்பான நேரத்தில் குறைந்தும், ஓய்வு வேளையில் கூடியும் வந்ததும் இதனால்தான். சுமைதான் காரணம் என்றால் இந்த வரைபடம் தலைகீழாக இருந்திருக்க வேண்டும்.

யுடிபி வழியை 2 நிமிடத்துக்குள் அழிக்கக் கூடாது, 5 நிமிடமோ அதற்கு மேலோ வைப்பது நல்லது என்று 2007இல் வெளிவந்த ஆர்எஃப்சி 4787 வகுத்திருக்கிறது. இதைப் பின்பற்றாத கருவிகள் ஏராளம். ஆகையால் ரவுட்டரை நம்பி அமைப்பது முறையன்று. அதன் வரம்பு 300 நொடியாக உயர்த்தப்பட்டதோடு, தொலைபேசிகளில் 20 நொடிக்கு ஒருமுறை கீப்-அலைவ் (வழியை உயிரோடு வைக்கும் செய்தி) அனுப்பும் வசதியும் இயக்கப்பட்டது, சர்வரின் குவாலிஃபை இடைவெளியும் 25 நொடியாகக் குறைக்கப்பட்டது.

ரவுட்டரில் இருந்த சிப் ஏஎல்ஜி வசதியும் ஐயத்துக்கு உள்ளானது. சிப் செய்திகளின் உள்ளே கைவைத்து முகவரிகளைத் திருத்தும் அந்த வசதி பல இடங்களில் உதவியைவிடக் கெடுதலையே செய்கிறது. ஆனால் ஐயத்தை முடிவாக எழுதிவிடக் கூடாது என்பதால், ரவுட்டரின் உட்பக்கமும் சர்வரிலும் ஒரே நேரத்தில் பாக்கெட்டுகளைப் பிடித்து, ஒரே கால்-ஐடி கொண்ட ரிஜிஸ்டரை அருகருகே வைத்துப் பார்த்தோம். உள்ளே இருந்த வியா, காண்டாக்ட் தலைப்புகள் எழுத்து மாறாமல் வந்து சேர்ந்திருந்தன. இந்த நிகழ்வில் ஏஎல்ஜி குற்றமற்றது. ஆயினும் அது தேவையற்றதாகையால் அணைக்கப்பட்டது.

ஒவ்வொன்றாக விழுவதும் ஒரே நொடியில் விழுவதும்

கிளை முழுவதும் ஒரேயடியாக நின்றுபோகும் இரண்டாவது புகாரையும் முதலில் இதே காரணத்தின் கீழ் சேர்க்கத் தோன்றியது. லாக் அதை அனுமதிக்கவில்லை. நேட் வழி இறப்பதால் வரும் அன்ரீச்சபிள் வரிகள் தொலைபேசிக்குத் தொலைபேசி வெவ்வேறு நேரத்தில் சிதறி வருகின்றன, ஏனெனில் ஒவ்வொன்றுக்கும் காலக்கணக்கு தனி. ஆனால் இரண்டாவது வகை நிகழ்வில், ஒரே குவாலிஃபை சுற்றுக்குள் கிளையின் எல்லா எக்ஸ்டென்ஷன்களும் விழுந்திருந்தன. மீண்டும் எழும்போது போர்ட் எண்கள் பெரும்பாலும் மாறாமலே இருந்தன. வழிகள் இறக்கவில்லை, பொதுவான ஏதோ ஒன்று இடையில் மறித்திருக்கிறது.

அந்தப் பத்து நிமிடமும் கிளை முகவரியிலிருந்து ஒரு வரிகூட ஆஸ்டரிஸ்க் லாகில் இல்லை. தோல்வி வரிகூட இல்லை. கிளையின் இணையம் செயலில்தான் இருந்தது என்று அங்கிருந்தோர் சொன்னார்கள். அடுத்த முறை நிகழ்ந்தபோது சர்வரில் டிசிபிடம்ப் என்ற பாக்கெட் பிடிக்கும் கருவியை இயக்கிப் பார்த்ததில், 198.51.100.24 முகவரியிலிருந்து ரிஜிஸ்டர் செய்திகள் வந்துகொண்டே இருந்தன. லினக்ஸில் உள்வரும் பாக்கெட்டை டிசிபிடம்ப் பார்ப்பது ஃபயர்வால் விதிகளுக்கு முந்திய இடத்தில். எனவே டிசிபிடம்ப் காண்கிறது, ஆஸ்டரிஸ்க் காணவில்லை என்றால் நடுவில் இருப்பது அந்த சர்வரின் ஃபயர்வால்தான். லாகில் உள்ள தோல்விகளை எண்ணி முகவரிகளைத் தடுக்கும் ஃபெயில்2பேன் மென்பொருளின் தடைப்பட்டியலில் கிளையின் முகவரி இருந்தது. அதன் இயல்பான தடைக்காலம் 10 நிமிடம். புகாரில் சொல்லப்பட்ட கால அளவும் அதுவே.

முறையான கடவுச்சொல் கொண்ட தொலைபேசிகளை அது ஏன் தடுத்தது என்பதற்கு விடை, சிப் நெறிமுறையின் அடிப்படையில் இருக்கிறது. 2002இல் வெளியான ஆர்எஃப்சி 3261 வகுத்த முறைப்படி, தொலைபேசி முதலில் அனுப்பும் ரிஜிஸ்டரில் கடவுச்சொல்லுக்கான சான்று இராது. சர்வர் 401 என்ற பதிலுடன், நான்ஸ் எனப்படும் ஒருமுறைச் சரத்தைத் தருகிறது. தொலைபேசி அந்தச் சரத்தையும் கடவுச்சொல்லையும் சேர்த்துக் கணக்கிட்ட சான்றுடன் இரண்டாம் முறை அனுப்புகிறது. அப்போது 200 வருகிறது. ஆகவே 401 என்பது மறுப்பு அன்று, அடையாளம் காட்டுமாறு கேட்பது. ஆஸ்டரிஸ்க்கின் செக்யூரிட்டி லாகில் இது 'சேலஞ்ச்சென்ட்' என்று பதிவாகும். சான்று சரியாக இருந்தால் அடுத்து 'சக்சஸ்ஃபுல்ஆத்' வரும். உண்மையான தோல்வி 'இன்வேலிட்பாஸ்வேர்ட்', 'சேலஞ்ச்ரெஸ்பான்ஸ்ஃபெயில்ட்', 'இன்வேலிட்அக்கவுண்ட்ஐடி' ஆகிய பெயர்களில் வரும். ஸ்கேனர்களை விரைவில் மடக்க வேண்டும் என்ற எண்ணத்தில், தடுப்பு விதியில் சேலஞ்ச்சென்ட் நிகழ்வையும் தோல்வியாக எண்ணும்படி ஒரு வரி சேர்க்கப்பட்டிருந்தது. கிளையில் மின்தடை நீங்கியோ ரவுட்டர் மறுதொடக்கம் ஆகியோ முப்பது தொலைபேசிகளும் ஒரே வேளையில் பதிவு கேட்டால், ஒரே பொது முகவரியின் பேரில் முப்பது சேலஞ்ச் குவிந்துவிடும். விதி தன் வேலையைச் செய்தது. அந்த வரி நீக்கப்பட்டது. கிளையின் முகவரி நிலையானது என்பதால் விலக்குப் பட்டியலிலும் சேர்க்கப்பட்டது.

நன்றாக இயங்கும் தொலைபேசியின் லாக் எப்படி இருக்கும் என்பதை முன்கூட்டியே பார்த்து வைத்திருக்காதவர்களுக்கு 401 எப்போதும் அச்சுறுத்தலாகவே தெரியும். ஒழுங்கான ஒரு பதிவையும் ஒழுங்கான ஓர் அழைப்பையும் முழுமையாகப் பிடித்துத் தனியே சேமித்து வைத்துக்கொள்வது, பழுது வரும் நாளில் அரை வேலையைக் குறைக்கும் என்பது என் உறுதியான கருத்து.

முப்பத்திரண்டு நொடி

வீட்டிலிருந்து அழைப்பவர்களின் பேச்சு அறுந்தது முற்றிலும் தனியான பழுது. அழைப்பு விவரப் பதிவில் அந்த அழைப்புகளின் பேச்சு நேரம் எல்லாவற்றிலும் 32 நொடியாக இருந்தது. வலையின் தரக்குறைவால் அறும் அழைப்புகள் இப்படி ஒரே நொடியில் வந்து நிற்பதில்லை. ஒரே எண் திரும்பத் திரும்ப வந்தால் அது ஏதோ ஒரு டைமரின் வேலை. சிப் நெறிமுறையில் டி1 என்ற அடிப்படைக் காலம் 500 மில்லிநொடி. அதன் 64 மடங்கு 32 நொடி. அழைப்பை ஏற்று 200 அனுப்பிய தரப்பு, அது கிடைத்ததற்கான அக் செய்தி வரும்வரை 200 பதிலைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். 32 நொடியாகியும் வரவில்லையென்றால் பை என்ற முடிப்புச் செய்தியை அனுப்பி அழைப்பை முடித்துவிட வேண்டும்.

பழைய சான்_சிப் டிரைவர் இந்த நிலையை, முக்கியமான பதிலுக்கு 32000 மில்லிநொடியில் மறுமொழி இல்லை என்று வெளிப்படையாகவே வார்னிங் எழுதும். அந்த டிரைவர் ஆஸ்டரிஸ்க் 21ஆம் பதிப்பில் நீக்கப்பட்டுவிட்டது. இங்கே வழக்கமான லாகில் சேனல் முடிந்த செய்தி மட்டுமே இருந்ததால், பிஜேசிப்பின் செய்தித் தடத்தை இயக்கிப் பார்த்தோம். 200 பதில் முதலில் அனுப்பப்பட்டதிலிருந்து 0.5, 1.5, 3.5, 7.5, 11.5 நொடிகளில், அதன்பின் நான்கு நொடிக்கு ஒன்றாக, அதே செய்தி மீண்டும் மீண்டும் போய்க்கொண்டிருந்தது. அக் ஒருமுறைகூட வரவில்லை. காரணம் அந்த 200 பதிலுக்குள்ளேயே எழுதியிருந்தது: காண்டாக்ட் தலைப்பில் சர்வர் தன் முகவரியாக 10.0.0.5 என்று கொடுத்திருந்தது. சாஃப்ட்போன் அந்த முகவரிக்கே அக் அனுப்பும். வீட்டு வலையிலிருந்து அந்த உள்முகவரிக்கு வழியில்லை.

ஸ்கேனர்களிடமிருந்து தப்பிக்கச் சாஃப்ட்போன்களுக்கென்று வேறொரு போர்ட்டில் இரண்டாவது டிரான்ஸ்போர்ட் (சர்வர் சிப் செய்திகளைப் பெறும் வாயில்) திறக்கப்பட்டிருந்தது. அதன் அமைப்பில் ஒலிக்கான வெளிமுகவரி எழுதப்பட்டிருந்தது. சிக்னலிங்குக்கான வெளிமுகவரி விடுபட்டிருந்தது. ஒலி இருபுறமும் தெளிவாகக் கேட்டதால் முகவரி அமைப்பின் மீது எவருக்கும் ஐயம் எழவில்லை. ஒலி செல்லும் ஆர்டிபியும் அழைப்பை நடத்தும் சிப்பும் தனித்தனிப் பாதைகள். ஒன்று நலமாக இருப்பது மற்றதற்குச் சாட்சியாகாது. சாஃப்ட்போனுக்கு உள்ளே வரும் அழைப்புகள் மட்டும் 32 நொடியைத் தாண்டி நீடித்ததும் இதோடு பொருந்துகிறது: அங்கே 200 அனுப்புவது சாஃப்ட்போன், அது இன்வைட் வந்த முகவரிக்கே திரும்பிப் போகிறது, அக் அனுப்புவது சர்வர். ஆனால் அந்த அழைப்புகளில் சாஃப்ட்போன் பயனர் முதலில் துண்டித்தால், அவர் அனுப்பும் பை 10.0.0.5 முகவரியைத் தேடிச் சென்று தொலைந்துபோயிற்று. மறுமுனையில் இருந்தவர், தானே வைக்கும்வரை, அமைதியான இணைப்பில் காத்திருந்தார். இதைப் புகாராக யாரும் சொல்லவில்லை. செய்தித் தடத்தைப் படித்த பிறகு, இப்படியும் நிகழ்ந்திருக்க வேண்டுமே என்று கேட்டபோதுதான் தெரியவந்தது. விடுபட்ட ஒரு வரியைச் சேர்த்து டிரான்ஸ்போர்ட்டை மீண்டும் ஏற்றியதும் இரண்டும் தீர்ந்தன.

திருத்தங்களுக்குப் பின்

காலவரம்புகள் மாற்றப்பட்ட பிறகு கிளைத் தொலைபேசிகளின் காண்டாக்ட் வரிகளில் போர்ட் எண்கள் நிலைத்துவிட்டன. பதிவு புதுப்பிப்புகள் ஒரே போர்ட்டிலிருந்தே வருகின்றன. ஸ்கேனர்களின் வரிகள் முன்பு போலவே வந்துகொண்டிருக்கின்றன. அவை இப்போது தனிக் கோப்பில் உள்ளன.

கிளையை டிஎல்எஸ் (டிசிபி மேல் இயங்கும் மறைகுறியாக்க) இணைப்புக்கு, 5061 போர்ட்டுக்கு மாற்றும் பணி அடுத்து நடக்க இருக்கிறது. நிலைபெற்ற டிசிபி இணைப்பை 2 மணி 4 நிமிடத்துக்கு முன்னால் நேட் கருவி கைவிடக் கூடாது என்று ஆர்எஃப்சி 5382 சொல்வதால், வழி இறக்கும் சிக்கல் மேலும் குறையும். அதே வேளையில் லாகில் ஒரு புதிய வரி தோன்றத் தொடங்கும்: காண்டாக்ட் 'ட்யூ டு ஷட்டவுன்' என்று நீக்கப்பட்டதாக. அது சர்வர் அணைக்கப்பட்டதைச் சொல்லவில்லை. அந்தத் தொலைபேசிக்கும் சர்வருக்கும் இடையிலான டிசிபி இணைப்பு மூடப்பட்டதையே சொல்கிறது. ஒரு தொலைபேசிக்கு அது வந்து, சில நொடிகளில் புதிய போர்ட்டுடன் காண்டாக்ட் சேர்க்கப்பட்டால் இயல்பான மறுஇணைப்பு. ஒரே நொடியில் கிளை முழுவதற்கும் வந்தால், பார்க்க வேண்டிய இடம் கிளையின் ரவுட்டரும் அதன் இணைய இணைப்பும். தலைமை அலுவலகத் தொலைபேசிகளுக்கும் சேர்த்து வந்தால் மட்டுமே சர்வரின் பக்கம் திரும்ப வேண்டும். இந்தக் குறிப்பு நிர்வாகியின் பணிக் கையேட்டில் சேர்க்கப்பட்டுள்ளது.